இயல்பு வாழ்க்கை திரும்பிவிட்டது என்று யார் சொல்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் உறுப்பு நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

2020 ஜனவரி 30 அன்று தொடங்கிய கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது என்று 2023 மே 5 அன்று அறிவித்தீர்கள். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னீர்கள். அவசரநிலைதான் முடிகிறது, ஆபத்து முடியவில்லை என்றீர்கள். அதற்கு முந்தைய வாரத்தில்கூட மூன்று நிமிடத்துக்கு ஒருவர் இந்த நோயால் இறந்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது. இரண்டாம் பாதியைக் கேட்டவர்கள் குறைவு. பல அரசுகள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

ஊரடங்கு நாட்களில் நாங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் எப்போது பழையபடி ஆகும்? இப்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. யாருக்கு எது திரும்பி வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கணக்கைப் பார்க்காமலே கோப்பை மூடிவிட்டீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

திரும்பி வந்தவை நிறையவே உண்டு. அதை மறுத்தால் அது நன்றிகெட்டத்தனம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பேருந்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறோம். பக்கத்தில் ஒருவர் இருமினால் பதறி விலகுவது குறைந்திருக்கிறது. கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். மனிதகுலம் இதற்கு முன்பு இவ்வளவு வேகமாக ஒரு தடுப்பூசியைச் செய்ததில்லை. அந்த வேகத்துக்குப் பின்னால் ராத்திரி பகலாக உழைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. 2021 மே வரையிலான காலத்தில் மட்டும் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது உங்கள் நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்கள் வீடுகளில் எது திரும்பி வந்தது?

கிருமி ஒரேயடியாக ஒழிந்துபோகும் என்று 2020-ல் பலர் நம்பினோம். சார்ஸ் என்ற மூச்சு நோய் ஒழிந்ததே, இது மட்டும் ஏன் ஒழியாது என்று பேசிக்கொண்டோம். 2003 ஜூலையில் சார்ஸ் பரவல் கட்டுக்குள் வந்துவிட்டது என்று உங்கள் நிறுவனமே அறிவித்திருந்தது. ஆனால் சார்ஸ் வந்தவர் பெரும்பாலும் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் அடுத்தவருக்கு அதைப் பரப்பினார். ஆளைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினால் சங்கிலி அறுந்தது. கொரோனாவோ அறிகுறி தெரியும் முன்பே, நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவரிடமிருந்தே பரவியது. மனித நோய்களில் முழுக்க ஒழிக்கப்பட்டது பெரியம்மை ஒன்றுதான்; 1980-ல் அதை அறிவித்தார்கள். பெரியம்மைக்கு விலங்குகளிடம் புகலிடம் கிடையாது. ஆளைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். ஒருமுறை ஊசி போட்டால் பல ஆண்டுகள் காக்கும். கொரோனா விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட நமக்குச் சாதகமாக இல்லை. மான்களிடமும் மிங்க் என்ற கீரி போன்ற விலங்குகளிடமும்கூட அது பரவியிருக்கிறது. 2021 நவம்பரில் தலைகாட்டிய ஓமிக்ரான் திரிபு, தடுப்பூசி போட்டவர்களையும் ஏற்கெனவே நோய் வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆக, 2019-ல் இருந்த உலகம் அப்படியே திரும்பாது. அதில் இல்லாத ஒரு கிருமி இப்போது நம்மோடு இருக்கிறது. இதை மக்களிடம் நேராகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்கள். "அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி வாழ்வது என்று சொல்லாமல் பல அரசுகள் நகர்ந்துவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு 2021-ல் கொரோனா வந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள், காய்ச்சல் விட்டது, பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்தது. குணமானவர்கள் பட்டியலில் அவளும் ஓர் எண். அப்புறம்தான் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். குளியலறையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம், உட்கார்ந்தபடிதான் குளிக்கிறாள். தலை துவட்டக் கையைத் தூக்கினால் கை நடுங்குகிறது. தலைக்குக் குளித்த அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது. பக்கம் பக்கமாகப் படித்துத் தேர்வெழுதி வேலைக்குப் போனவள் அவள்.

இதில் கொடுமை என்னவென்றால், களைப்பு அன்றைக்கே வருவதில்லை. இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று கொஞ்சம் நடந்தால், நாளையோ மறுநாளோ படுக்கையில் தள்ளிவிடும். பார்க்க வருபவர்கள் அவளுடைய நல்ல நாளைத்தான் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போன பிறகு வரும் இரண்டு நாட்கள் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்றார். உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். அவர் சொன்னபடி செய்துதான் அவள் இன்னும் மோசமானாள். வேலை பார்த்த இடத்தில் விடுப்பு நீட்டிக்கக் கேட்டபோது, "கொரோனாதான் முடிஞ்சு போச்சே" என்றார்கள். நீங்கள் மே மாதத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவளுடைய விடுப்பு விண்ணப்பம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதோடு சேர்த்துச் சொன்ன எச்சரிக்கை வந்து சேரவில்லை.

கொரோனா போன பிறகும் உடம்பை விடாத லாங் கோவிட் என்ற ஒன்று இருப்பதை உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் நோயாளிகள்தான். 2020-ன் முதல் பாதியிலேயே இணையத்தில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, உனக்கும் இப்படியா என்று கேட்டுக் கேட்டு, அறிகுறிகளைத் தொகுத்தவர்கள் அவர்கள். 2021 அக்டோபரில் நீங்கள் அதற்கு ஒரு மருத்துவ வரையறை கொடுத்தீர்கள். தொற்று ஏற்பட்டு வழக்கமாக மூன்று மாதங்கள் ஆன நிலையில், குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத களைப்பு, மூச்சுத்திணறல், சிந்தனைத் தடுமாற்றம் போன்றவை அதில் இருந்தன. அந்த வரையறையைத் தங்கை அச்செடுத்து ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதைக் காட்டிய பிறகுதான் அவர் அவளை நம்பினார். ஆனால் ஒரு நோயாளி தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தன் நோயை நிரூபிக்க வேண்டியிருப்பது என்ன நியாயம்? அமைச்சர்களே, உங்கள் நாட்டில் எத்தனை ஆரம்ப சுகாதார மருத்துவர்களுக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்? ஊனமுற்றோர் உதவியிலும் மருத்துவ விடுப்பு விதிகளிலும் இந்த நோய்க்கு இடம் இருக்கிறதா?

அடுத்து, விடைகொடுக்க முடியாமல் போனவர்கள். உங்கள் மதிப்பீட்டின்படி 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சுமார் 1.49 கோடிப் பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் நாடுகள் கொரோனா மரணம் என்று கணக்குக் காட்டியது சுமார் 54 லட்சம்தான். மீதிப் பேரில் பலர் நோயால் இறந்தும் பதிவாகாதவர்கள். சிலர் மருத்துவமனையில் இடமில்லாமல் வேறு நோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் போனவர்கள். இவர்களில் பலரது முகத்தைக் குடும்பத்தினர் கடைசியாகப் பார்த்தது செல்போன் திரையில். பாதுகாப்பு உடைக்குள் முகம் தெரியாத ஒரு செவிலியர் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காதில் விழுகிறதா என்றுகூடத் தெரியாது. உடலைத் தொட்டு அழ முடியவில்லை. அடக்கத்துக்கும் தகனத்துக்கும் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைத்தார்கள். துக்கத்துக்கு ஒரு முறை உண்டு. நாலு பேர் வந்து உட்கார வேண்டும், அழ வேண்டும், போனவரைப் பற்றிப் பேச வேண்டும். அது நடக்காமல் போனவர்களுக்கு ஊரடங்கு தளர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். 2022 மே வரை பெருந்தொற்றில் பெற்றோரையோ வளர்த்தவரையோ இழந்த குழந்தைகள் ஒரு கோடிக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வகுப்பறை மூடிக்கிடந்தது. 16.8 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுக்கத் திறக்கவே இல்லை. பள்ளி மறுபடி திறந்த அன்று எடுத்த படங்களைப் பார்த்தோம், மகிழ்ந்தோம். திரும்பி வராமல் வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பப்பட்ட பிள்ளைகளின் இருக்கையை யாரும் படம் எடுக்கவில்லை. 2021-ல் மட்டும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் விலையைத் தட்டம்மை வடிவத்தில் பல நாடுகள் கொடுத்துவிட்டன.

வரலாற்றில் இதற்கு முன்பு இயல்பு வாழ்க்கை திரும்பியதே இல்லையா? திரும்பியிருக்கிறது. 1918-ல் தொடங்கிய இன்ஃப்ளுயன்ஸா பெருந்தொற்று குறைந்தது ஐந்து கோடிப் பேரைக் கொண்டுபோனது. உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்கிறார்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த திடகாத்திரமானவர்களை அது அதிகமாகச் சாய்த்தது. பிறகு அலைகள் அடங்கின. கிருமி மட்டும் போகவில்லை. அதன் வாரிசுகள் வருடாவருடம் வரும் காய்ச்சலாக நம்முடனேயே இருந்தன. மக்கள் மறந்து மேலே நடந்தார்கள். போர்களுக்கு ஊர் ஊராக நினைவுச் சின்னம் எழுப்பியவர்கள், போரைவிட அதிகமானவர்களைக் கொன்ற நோய்க்கு எழுப்பியது மிகக் குறைவு. மறந்ததால் மனசு ஆறியிருக்கலாம். ஆனால் அடுத்த பெருந்தொற்று வந்தபோது, கூட்டத்தைத் தவிர், முகத்தை மூடு, ஜன்னலைத் திற என்று நூறு வருடத்துக்கு முன்பு தெரிந்த பாடத்தைக்கூட முதலிலிருந்து சண்டை போட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. இந்த வகையான இயல்பு எனக்கு வேண்டாம்.

வேறு வகையான இயல்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலரா லண்டனை அலை அலையாகத் தாக்கியது. 1854-ல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், பிராட் தெருவில் குடிதண்ணீர்ப் பம்பு ஒன்றைச் சுற்றியே சாவுகள் குவிவதை வீடு வீடாகப் போய்க் கண்டறிந்தார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். 1859-லிருந்து நகரத்துக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார்கள். 1866-ல் காலரா மறுபடி வந்தபோது, கால்வாய் இன்னும் இணைக்கப்படாத கிழக்குப் பகுதியைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. அதன் பிறகு லண்டனில் அப்படியொரு காலரா அலை வரவே இல்லை. ஒவ்வொருவரும் தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு விட்டுவிடாமல், தண்ணீரையே மாற்றினார்கள்.

நம் காலத்தில் மாற்ற வேண்டியது காற்று. இந்த விஷயத்தில் உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. 2020 மார்ச் 28 அன்று, கொரோனா காற்றின் வழியே பரவாது என்று சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னீர்கள். இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்கா உள்ளிட்ட 239 அறிவியலாளர்கள் ஜூலையில் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். அப்போதும் தயங்கித் தயங்கித்தான் இறங்கி வந்தீர்கள். தெளிவாக ஒப்புக்கொள்ள 2021-ன் கடைசி வரை ஆனது. அதற்குள் உலகம் முழுக்க மேசையையும் கதவுப் பிடியையும் துடைத்துத் துடைத்து ஓய்ந்திருந்தார்கள். தரையில் வட்டம் ஒட்டினார்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் கிருமிநாசினி பாட்டிலை வைத்தார்கள். அந்த வட்டங்களில் சில, கால் பட்டுத் தேய்ந்து, பாதி உரிந்து, இன்னும் சில அலுவலகத் தரைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதே அலுவலகத்தில் ஜன்னல் ஆணி அடித்து மூடியபடியே இருக்கிறது.

2021 மார்ச்சில் நீங்கள் வெளியிட்ட காற்றோட்ட வழிகாட்டியில், அலுவலகம், பள்ளி போன்ற இடங்களில் ஆளுக்கு ஒரு வினாடிக்குப் பத்து லிட்டர் வெளிக்காற்றாவது வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வழிகாட்டி. ஆனால் தன் பிள்ளை உட்காரும் வகுப்பறையில் அவ்வளவு காற்று வருகிறதா என்று ஒரு தாய் எப்படித் தெரிந்துகொள்வாள்? கரியமில வாயுவை அளக்கும் ஒரு சின்னக் கருவி போதும். திறந்த வெளியில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். ஜன்னல் அடைத்து, ஆட்களால் நிரம்பிய அறையில் சீக்கிரமே 2,000-ஐத் தாண்டும். அந்த எண் ஏற ஏற, அடுத்தவர் நுரையீரலிலிருந்து வந்த காற்றை நாம் அதிகமாகச் சுவாசிக்கிறோம் என்று அர்த்தம். இதை மறைத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. பள்ளி, மருத்துவமனையின் காத்திருப்பு அறை, பேருந்து, நீதிமன்றம் என எல்லா இடங்களிலும் அந்த எண் வாசலில் தெரிய வேண்டும். குடிநீருக்குச் சட்டம் இருக்கிற மாதிரி உள்ளறைக் காற்றுக்கும் சட்டம் வேண்டும். கொரோனாவுக்காக மட்டும் கேட்கவில்லை. காசநோயும் தட்டம்மையும் காற்றில்தான் வருகின்றன. இன்ஃப்ளுயன்ஸா காய்ச்சலும் பெருமளவு அப்படித்தான்.

காய்ச்சலோடு வேலைக்குப் போகிற வழக்கம் திரும்பி வந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருங்கள் என்று அன்றைக்கு எல்லா அரசுகளும் சொல்லின. அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர் வீட்டில் இருந்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று அப்போது கொஞ்ச நாள் விவாதம் நடந்தது. சில நாடுகளில் தற்காலிகமாகப் பணமும் கொடுத்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். இருமிக்கொண்டே வேலைக்கு வருபவரைக் கடமை தவறாதவர் என்று மறுபடி பாராட்டுகிறோம். பழைய வாழ்க்கையில் எது திரும்பி வரவே கூடாது என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

2025 மே 20 அன்று, உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறியதை நான் மகிழ்ச்சியோடு வரவேற்றேன். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பேசி, நாடுகள் ஒரு முடிவுக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. ஊரடங்கு போடச் சொல்லும் அதிகாரத்தை அது உங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை என்பதைப் பயந்துபோயிருக்கும் மக்களிடம் இன்னும் உரக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் வரப்போகும் நோயைப் பற்றியது. வந்து போன நோயில் விழுந்து இன்னும் எழுந்திருக்காதவர்களை யார் பார்ப்பது?

அதனால் கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பேரவை கூடும்போது, ஒவ்வொரு நாடும் மூன்று விஷயங்களுக்குக் கணக்குக் கொடுக்கட்டும். லாங் கோவிட் நோயாளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சிகிச்சை, என்ன உதவித்தொகை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள். எத்தனை பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் காற்றை அளந்திருக்கிறார்கள், எவ்வளவு வந்தது. எண் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியிடட்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதட்டும். 2020-ல் எங்கள் நம்பிக்கையைக் குலைத்தது நீங்கள் தெரியாமல் இருந்தது இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதுதான்.

அந்தக் கணக்கு வாசிக்கப்படும் அரங்கில் லாங் கோவிட் நோயாளிகளையும் பேச விடுங்கள். அமைச்சர்கள் பேசி முடித்து அரங்கம் காலியான பிறகு வேண்டாம், அமைச்சர்கள் உட்கார்ந்திருக்கும்போதே. பேரவை கூடும் ஜெனீவாவுக்கு அவர்களால் பயணம் செய்ய முடியாது. இணையவழியில் பேச ஏற்பாடு செய்யுங்கள். சிலருக்கு ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினாலே அதிகம். முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பவும் வழி கொடுங்கள். என் தங்கை தான் சொல்ல வேண்டியதை எழுத ஆரம்பித்திருக்கிறாள், நல்ல நாட்களில் நாலைந்து வரி வீதம். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள்.

நன்றியுடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு அக்கா